உப்பு மட்டும்தான்

வண்ண மீன் வளர்க்கிற யாரிடமாவது போய், தண்ணீரில் என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிடும்: உப்பு மட்டும்தான். வாங்க வருகிற வியாபாரிக்கும் அதுதான் பதில், சோதனைக்கு வருகிற அதிகாரிக்கும் அதுதான். பக்கத்துப் பண்ணைக்காரன் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாலும் அதுதான். அவனும் தன் பண்ணையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பான் என்பதால், இதில் யாரும் யாரையும் ஏமாற்றியதாக நினைப்பதில்லை. சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

வரிசையாக மீன் பண்ணைகள் இருந்த அந்தச் சாலையிலேயே இந்தப் பதிலை மிகச் சுத்தமாகச் சொல்லக்கூடியவள் டாக்டரம்மா. படித்தது பத்தாவது. பட்டம் கொடுத்தது பக்கத்துப் பண்ணைக்காரன், அதுவும் நக்கலாக. ஒரு கோடையில் அவனுடைய தொட்டி மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, இவள் போய் ஒரு நோட்டம் விட்டுவிட்டு, சிவப்பு கேப்சூல்களை உடைத்துப் பொடியைக் கரைத்து ஊற்றினாள். மறுநாளைக்கு மறுநாள் மீன்கள் வாலை ஆட்டிக்கொண்டு திரிந்தன. அவன் நக்கலை விட்டான், பெயரை விடவில்லை. பிறகு எல்லோருக்கும் அவள் டாக்டரம்மா ஆகிவிட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. யாருக்குத்தான் குளிராது.

மோட்டார் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை அவளுடைய மருந்தறை. மேல் தட்டில் சிவப்பு கேப்சூல் டப்பாக்கள், நடுத்தட்டில் வெள்ளைப் பொடி, அடியில் பூட்டுப் போட்ட ஒரு தகர டப்பா. முதலில் சிவப்பு ஒன்றே எல்லா நோய்க்கும் கேட்டது. அது கேட்காமல் போனதும் வெள்ளைக்கு மாறினாள். போன பருவத்தில் வெள்ளையும் சரிவரவில்லை. அளவை இரட்டிப்பாக்கினாள், இரண்டையும் சேர்த்துப் போட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. அதன்பிறகுதான் பூட்டின டப்பாவுக்கு வந்தாள். அதில் இருந்தது மனிதர்களுக்குப் போடுகிற ஊசி மருந்து. ரொம்ப முடியாமல் கிடக்கிறவர்களுக்கு, வேறு எதுவும் கேட்காதபோது போடுவதாம். ஒரு மருந்துக் கிடங்குக்காரன் தேதி முடியப்போகிற புட்டிகளாகப் பார்த்து ரகசியமாகக் கொண்டுவந்து கொடுத்தான். "மீனுக்கும் மருந்து பழகிப்போயிடும். நமக்கு டீ பழகற மாதிரி" என்பது அவளுடைய விளக்கம். அந்த விளக்கத்தை அந்தச் சாலையே நம்பியது.

அந்தப் புட்டிகளை முதன்முதலில் உடைத்துக் கலக்கியது அவள் தம்பி. அம்மா போனபிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. இப்போது அவளைவிட ஒரு முழம் உயரம்.

"அக்கா, எனக்கு உடம்புக்கு வந்தா இவ்ளோ ஒசத்தியான மருந்து போடுவியா?" என்று கேட்டான், புட்டி மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"உனக்கெதுக்குடா மருந்து. எருமைக்கு என்ன வரப்போவுது."

பக்கெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த புதிதில், கேட்டால் ஒழிய வாயைத் திறக்காத அவளை, வாயில்லாப் பூச்சி என்று தம்பி கேலி செய்வான். அது சுருங்கிப் பூச்சி என்றே நின்றுவிட்டது. அண்ணி என்று அவள் கூப்பிடுகிற டாக்டரம்மா சொன்னால் சரி என்பாள். அண்ணி சொல்லாவிட்டாலும் முகத்தைப் பார்த்துச் செய்துவிடுவாள். மீன் பைக்கு ஆக்சிஜன் அடித்து ரப்பர் பேண்டு போடுவதில் அவள் கை வேகம் யாருக்கும் வராது.

சம்பவம் நடந்தது பெரிய குளத்தில், காலையில். வெளிநாட்டுக்குப் போகவேண்டிய, கோய் என்கிற பெரிய வண்ணக் கெண்டை மீன்களை வலை போட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி மதகுப் பக்கம் பலகை மேல் நின்று வலையை இழுத்தான். அந்தப் பக்கம்தான் ஆழம். வலை அடியில் எதிலோ மாட்டிக்கொள்வதும், அவன் முங்கிப் போய் எடுத்துவிடுவதும் வழக்கமாக நடப்பதுதான். அதனால் அவன் தலை மறைந்தபோது எதிர்க்கரையில் இருந்த டாக்டரம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "உள்ளே என்னடா குடித்தனமா பண்ற, சீக்கிரம் வா" என்று சத்தம் வேறு போட்டாள்.

பலகை வழுக்கி விழுந்தவனின் கணுக்காலில் வலையின் ஈயக் கயிறு சுற்றிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. தண்ணீரில் குமிழி வருவது நின்றதைப் பார்த்தது பூச்சிதான். கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு, நீச்சல் தெரியாதவள், சேலையோடு இறங்கிவிட்டாள்.

அதைப் பார்த்து டாக்டரம்மாவும் குதித்தாள். கயிற்றை விடுவித்து, இரண்டு பேருமாக அவனைக் கரைக்கு இழுத்துப் போட்டபோது உதடு நீலமாக இருந்தது. டாக்டரம்மா அவனைப் புரட்டிப் போட்டு முதுகில் குத்தினாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். தண்ணீரும், குளத்தடியில் படிந்திருக்கிற கறுப்புச் சேறும் அவன் வாயிலும் மூக்கிலும் வழிந்தன. அவள் மறுபடி மறுபடி ஊதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் ஒரு பெரிய இருமலோடு கண்ணைத் திறந்து, நாலைந்து முறை வாந்தி எடுத்துவிட்டு, "மீனெல்லாம் தப்பிச்சிருச்சா?" என்றான்.

அவள் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் அண்ணி" என்றாள் பூச்சி. நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள். "நெறைய தண்ணி உள்ள போயிருக்கு. சேறும் போயிருக்கு."

"எதுக்கு?" டாக்டரம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவளுக்குப் பழைய மிடுக்கும் திரும்பிவிட்டது. "வேற குளத்துல விழுந்திருந்தா நானே தூக்கிட்டு ஓடியிருப்பேன். நம்ம தண்ணி இல்லியா? இதுல போட்டிருக்கற மருந்துக்கு ஒரு கிருமி உயிரோட இருக்குமா? ஊர்ல எல்லாரும் காசு குடுத்துக் குடிக்கற மருந்தை இவன் சும்மா குடிச்சிருக்கான்."

பூச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். போய் உலர்ந்த துணி எடுத்து வந்தாள்.

டாக்டரம்மா அவனுக்கு ஆவி பிடிக்க வைத்தாள். கணுக்காலில் கயிறு அறுத்த இடத்தைக் கழுவித் துணி கட்டினாள். போதாக்குறைக்கு மேல் தட்டிலிருந்து இரண்டு சிவப்பு கேப்சூலை எடுத்து அவன் வாயிலும் போட்டாள். இருமல் சளி என்றால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அதுதான். மீனுக்கு ஆகிறது மனிதனுக்கு ஆகாதா என்ன?

மறுநாள் விடிந்தபோது தம்பிக்கு அனலாகக் கொதித்தது. மத்தியானத்துக்குள் இருமலில் ரத்தம் வந்தது. அவனால் படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மீன் மேலே வந்து வாயைப் பிளப்பதுபோல அவன் காற்றுக்கு அலைவதைப் பார்த்த பிறகுதான் அவள் வண்டிக்கு ஆள் அனுப்பினாள்.

ஆஸ்பத்திரியில் அவனை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கொண்டுபோனார்கள். தொண்டையில் குழாய் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நுரையீரல் டாக்டர் வெளியே வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்ட, தூக்கமில்லாத கண்களோடு ஒரு மனிதர். நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எந்தத் தண்ணில விழுந்தார்?"

"எங்க பண்ணைக் குளத்துல சார். வண்ண மீன் வளக்கறோம்."

"மண் குளமா?"

"ஆமாங்க."

"தண்ணில மருந்து ஏதாவது கலக்கறீங்களா?"

"உப்பு மட்டும்தான்" என்றாள் டாக்டரம்மா.

அவள் யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. யோசிக்கவே இல்லை. கண்ணுக்கு நேரே கை வந்தால் இமை மூடுகிறதே, அப்படி வந்துவிட்டது. டாக்டர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். கதவு ஆடி ஆடி நின்றது. பக்கத்தில் பூச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், சார், ஒரு நிமிஷம், தப்பாச் சொல்லிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது தோன்றாமல் இல்லை. ஆனால் சொன்ன வாய் சூடு ஆறுவதற்குள் மாற்றிச் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சத்துக்குப் பின்னால் பயமும் வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் தண்ணீரில் மருந்து கிடையாது என்று கையெழுத்துப் போட்டுத்தான் வெளிநாட்டு வியாபாரிக்கு மீன் அனுப்புகிறாள். ஆஸ்பத்திரியில் சொன்னது அதிகாரிகள் காதுக்குப் போனால் அத்தனை குளத்தையும் வற்றவைத்துச் சீல் வைத்துவிடுவார்கள். அவளோடு போகாது, அந்தச் சாலையே காலி. அதுவுமில்லாமல், மருந்து இருந்தால் நல்லதுதானே, கெட்டதா என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் வக்கீல் வேலை பார்த்தது. நல்லதைச் சொல்லாமல் விட்டால் என்ன குடி முழுகிவிடும்?

குடி முழுகிக்கொண்டுதான் இருந்தது. அது அவளுக்கு மறுநாள் தெரிய ஆரம்பித்தது.

பார்வை நேரத்தில் உள்ளே விட்டபோது, தம்பியின் தலைமாட்டில் தொங்கிய பாட்டிலை அவள் பார்த்தாள். அதில் எழுதியிருந்த பெயரை எழுத்துக்கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவளுடைய நடுத்தட்டில் வெள்ளைப் பொடி டப்பா மேல் இருக்கிற அதே பெயர்.

"இதுதான் போடறீங்களா?" என்று நர்ஸிடம் கேட்டாள்.

"ஆமாம்மா. கொளத்துத் தண்ணி உள்ள போனா வர்ற கிருமிக்கு இது நல்லாக் கேக்கும்."

போன பருவத்தில் இதே மருந்தை இரட்டை அளவில் கொட்டியும் மீன்கள் மிதந்தது கண்முன் வந்தது. ஆனால் மனசு சும்மா இருக்குமா. அது மீனுக்கு, இது மனிதனுக்கு என்றது. அது பொடி, இது சுத்தமான ஆஸ்பத்திரிச் சரக்கு என்றது. மீனுக்கு மருந்து பழகிவிட்டது, தம்பிக்கு என்ன பழக்கம், அவன்தான் எருமை ஆயிற்றே என்றது. அவள் அந்தச் சமாதானத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளி வராந்தாவில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வியாபாரி போன் செய்தபோது, சரக்கு கொஞ்சம் தாமதம், வீட்டில் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்றாள். தண்ணீர் எல்லாம் எப்படி இருக்கிறது என்று அவர் வழக்கம்போல் கேட்டார். அவளும் வழக்கம்போல் சொன்னாள்.

பூச்சி எதிர் நாற்காலியில் இருந்தாள். டீ வாங்கி வந்து கொடுத்தாள், ஆறிப்போனதை எடுத்துப் போய்க் கொட்டினாள், மறுபடி வாங்கி வந்தாள். ஒரு தடவை மட்டும், "காய்ச்சல் எறங்கலயாம் அண்ணி" என்றாள்.

"எறங்கும்."

இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் நர்ஸ் அவன் கால் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா கட்டிலருகே நின்றிருந்தாள். ஈயக் கயிறு அறுத்த கணுக்காலில் ஒரு சின்னக் கீறல்தானே இருந்தது, இப்போது அங்கே ஒரு பள்ளம். சுற்றிலும் ரத்தச் சிவப்பில் ஒரு வளையம், நடுவில் வெளுத்துப்போன சதை, அதைச் சுற்றி ஊதா நிறத்தில் கொப்புளங்கள்.

அந்தப் புண்ணை அவளுக்குத் தெரியும். முகம் தெரிந்த ஆள் மாதிரித் தெரியும். கோய் மீனின் விலாவில், செதில் உதிர்ந்த இடத்தில், இதே சிவப்பு வளையம், இதே வெள்ளை நடு. எத்தனை மீனைக் கையில் ஏந்தி அந்தப் புண்ணைப் பார்த்திருப்பாள். அந்தப் புண் வந்த மீனுக்கு எதெல்லாம் கேட்கவில்லை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. எல்லாவற்றையும் கேட்காமல் போகச் செய்ததே அவள்தானே. மீனுக்கு வந்தது மனிதனுக்கு வருமா என்று வக்கீல் குரல் ஒரு கடைசி முறை வாயைத் திறந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. நேரே வெளியே நடந்தாள்.

டாக்டர் தன் சின்ன அறையில் நின்றபடியே டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், நான் அன்னைக்கு உப்பு மட்டும்னு சொன்னேன்."

"ஆமாம்."

"உப்பு மட்டும் இல்ல சார்."

அவர் டீயைக் கீழே வைத்தார். கோபப்படுவார், கத்துவார் என்று அவள் தயாராக வந்திருந்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்து அவளை உட்காரச் சொன்னார். அதுவே அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னென்ன போட்டிருக்கீங்க, முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னாள். சிவப்பு கேப்சூலின் பெயர், எத்தனை வருஷம், எப்போது கேட்காமல் போனது. வெள்ளைப் பொடியின் பெயர். அதைச் சொன்னபோது டாக்டரின் கண்கள் கதவுப் பக்கம், தம்பி படுத்திருந்த திசைக்குப் போய்த் திரும்பின.

"அது போன பருவத்துலேயே நின்னுபோச்சு சார். மீனுக்குப் பழகிருச்சு."

"மீனுக்குப் பழகலம்மா" என்றார் அவர். "கிருமிக்குப் பழகியிருக்கு. குளத்து சேத்துலயும் தண்ணிலயும் எப்பவும் இருக்கற கிருமிதான். மனுஷனுக்கு இதனால பெருசா ஒண்ணும் வராது. இப்படி முங்கி, நுரையீரலுக்குள்ள தண்ணி போனா அபூர்வமா வரும். வந்தா வேகமா வரும். சாதாரணமா நான் போட்ட மருந்துக்கு அடங்கிடும். உங்க குளத்துல நீங்க மருந்து போட்டுப் போட்டு, தாங்காததெல்லாம் செத்துப்போச்சு. தாங்கினது மட்டும்தான் மிச்சம். அதைத்தான் உங்க தம்பி குடிச்சிருக்கார்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும்.

"பரவால்ல, சொன்னீங்களே. லேப்ல கிருமியை வளத்துப் பாக்கறதுக்கு வெச்சிருக்காங்க, ரிசல்ட் வர்றதுக்குள்ள நான் மாத்திடறேன்" என்று எழுந்தார். "இந்த மாதிரி நேரத்துக்குன்னே ஒரு மருந்து வெச்சிருக்கோம். எதுவும் கேக்காதப்போ போடறது." அவர் ஒரு பெயர் சொன்னார்.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழவில்லை.

"என்னம்மா?"

"அது பூட்டின டப்பால இருக்கு சார்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் மறுபடி உட்கார்ந்தார். "அதை எப்படி வாங்கினீங்க" என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, "எவ்வளவு நாளா?" என்று மட்டும் கேட்டார்.

"இந்தப் பருவம் முழுக்க. போன மாசம் மீன் அனுப்பறப்போ மறுபடி புண்ணு வந்துச்சு. அப்ப நெறையப் போட்டோம். அவன்தான் சார் கலக்கினான். என் தம்பிதான்."

எனக்கு உடம்புக்கு வந்தா இவ்ளோ ஒசத்தியான மருந்து போடுவியா என்று அவன் கேட்டதும், அதற்குத் தான் சொன்ன பதிலும் அவள் காதில் விழுந்தன. அவளுக்கு வாய்விட்டு அழவேண்டும்போல் இருந்தது. அழுகைகூட வரவில்லை.

அவர்கள் அந்த மருந்தையும் போட்டார்கள். சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று இப்போதெல்லாம் ஒதுக்கி வைத்திருக்கிற ஒரு பழைய மருந்தையும் சேர்த்துப் போட்டார்கள். காலைக் கீறிச் சதையை எடுத்தார்கள். டாக்டர் அவளிடம் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தார். பேச்சில் ஒரு குத்தல்கூட இல்லை. லேபில் கிருமி வளர்ந்து முடிவு வந்த அன்று, அவரே வராந்தாவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய மருந்து ஒன்றுக்குத்தான் அது கொஞ்சம் அசைகிறது, மற்ற எதற்கும் இல்லை, இனி நம்பிக்கை குறைவுதான் என்றார்.

"மொத நாளே நான் சொல்லியிருந்தா சார்?"

"பொழச்சிருப்பாருன்னு சொல்ல மாட்டேன். சொல்லியிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காதுன்னும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியலம்மா."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அவள் அன்றைக்குத்தான் கேட்டாள். அவள் தன் வாழ்நாளில் யாரிடமும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

தம்பி மறுநாள் மத்தியானம் போய்விட்டான். பார்வை நேரம்தான். டாக்டரம்மா அவன் வலது பக்கமும், பூச்சி இடது பக்கமும் நின்றிருந்தார்கள். இயந்திரம் காற்றை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தது, அவன் மார்பு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் ஆள் இல்லை. நர்ஸ் வந்து இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் அந்த அறையில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பதே தெரிந்தது. பூச்சி அவன் கால் பக்கம் போர்வையை இழுத்துக் கட்டை மூடினாள். புண் யார் கண்ணிலும் படவேண்டாம் என்பதுபோல.

டாக்டர் கேட்கும் முன்பே, அதிகாரிகளுக்குத் தகவல் போகவேண்டுமா என்று டாக்டரம்மாவே கேட்டாள். போகவேண்டும் என்றார். போகட்டும் என்றாள்.

அவர்கள் வந்து போகும்வரை எதையும் தொடக்கூடாது என்று உத்தரவு. வந்தார்கள், புட்டிகளில் தண்ணீரும் சேறும் எடுத்தார்கள், மருந்தறையைக் காலி செய்துகொண்டு போனார்கள். அத்தனை குளத்திலும் பிளீச்சிங் பவுடர் கொட்டி, மீன்களை அழித்து, காயப்போட வேண்டும் என்றார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் வேலியோரம் வந்து நின்றான். துக்கம் விசாரிப்பதா, சண்டை பிடிப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, எங்க தலையிலயும் மண்ணைப் போட்டுட்டீங்களே டாக்டரம்மா என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை.

பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் வந்து இறங்கிய காலையில் அவள் பெரிய குளத்துக்குப் போனாள். கால் சத்தம் கேட்டதும் மீன்கள் தீனிக்காகக் கரையோரம் கூட்டமாக வந்து முட்டின. சிவப்பும் வெள்ளையும் பொன்னுமாக ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஒன்றின் மேலும் ஒரு கீறல் இல்லை, செதில் எல்லாம் வெயிலில் மின்னின. இவ்வளவு அழகான சரக்கு அந்தப் பண்ணையில் எந்தப் பருவத்திலும் வந்ததில்லை. இவற்றை இப்படி ஆக்குவதற்குத்தான் அவள் அத்தனையும் செய்தாள். அவளுக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பூச்சி பின்னாலேயே வந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மதகுப் பக்கம் அந்தப் பலகை இன்னும் அப்படியே கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"நீ உங்க அம்மா வீட்டுக்குப் போகணும்னா போம்மா" என்றாள் டாக்டரம்மா. "நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். உன் மூஞ்சியில முழிக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காப் பதில் சொல்லியிருந்தா..."

"நானும் பக்கத்துலதான் நின்னேன் அண்ணி."

"தெரியும்."

"எனக்கும் தெரியுமே அண்ணி, என்னென்ன போடறோம்னு. அந்த ஊசி மருந்தை அவரு உடைச்சப்போ பக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தது நான்தானே. டாக்டர் கேட்டப்போ எல்லாப் பேரும் என் வாய் வரைக்கும் வந்துச்சு."

டாக்டரம்மா திரும்பி அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பூச்சி இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"அப்ப ஏன்டி சொல்லல?"

பூச்சியின் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க உப்புன்னு சொன்னீங்க. ஏதோ காரணமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன். உங்களுக்குத் தெரியாததா அண்ணி."

சொல்லிவிட்டு அவள் குனிந்து, மூட்டையின் வாயைக் கட்டியிருந்த நூலைப் பிரிக்க ஆரம்பித்தாள். மீன்கள் இன்னும் கரையோரம் வாயைத் திறந்து மூடிக்கொண்டு காத்திருந்தன.